ரோமில் இரண்டு நாள், நாலே இடம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்திருப்பவர்களில் பல பேர் ஐரோப்பாச் சுற்றுலாவுக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறீர்கள், அதில் ரோமுக்கென்று ஒதுக்கியிருப்பது இரண்டு நாளோ இரண்டரை நாளோதான் என்று ஏற்பாட்டாளர் சொன்னார். அது போதுமா என்றால், ரோமைப் பார்க்கப் போதாது, ஆனால் ரோமில் நாலு இடத்தை நன்றாகப் பார்க்கத் தாராளமாகப் போதும். 'கட்டாயம் பார்க்க வேண்டிய 25 இடங்கள்' என்று யாராவது அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடுங்கள். அந்த ஊர் தோண்டத் தோண்ட அடுக்கடுக்காகக் கீழே போகிற ஊர். மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள், ரோமானியப் படைவீரர்களின் குடியிருப்பு கிளம்புகிறது, வேலையை நிறுத்திவிட்டு ஆய்வாளர்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. மெட்ரோவின் சி பாதை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஆழத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, கொலோசியத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் சான் கிளெமெண்டே என்று ஒரு தேவாலயம். தெருவிலிருந்து நுழைந்தால் 12ஆம் நூற்றாண்டுக் கோயில். டிக்கெட் வாங்கிப் படியிறங்கினால் அதற்கடியில் 4ஆம் நூற்றாண்டுக் கோயில். இன்னும் இறங்கினால் 1ஆம் நூற்றாண்டு ரோமானியக் கட்டடங்கள் இரண்டு, அவற்றுக்கு நடுவே ஒரு சந்து, ஒரு பக்கம் மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில், பலிபீடத்தில் அவர் காளையைக் குத்துகிற சிற்பம். அங்கே ஒரு மூலையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும்; அடியில் நிஜமாகவே ஓடுகிறது. இதையெல்லாம் 1857இல் தோண்டத் தொடங்கியவர் ஜோசப் முல்லூலி என்ற அயர்லாந்துப் பாதிரியார், இன்றும் அயர்லாந்துத் துறவிகள்தான் அந்த இடத்தைக் கவனிக்கிறார்கள். நடுத்தளத்தில் ஒரு சுவரோவியத்தை மட்டும் தேடிப் பாருங்கள். சிசினியுஸ் என்ற பெரிய மனிதர் புனித கிளெமெண்டைக் கட்டி இழுத்துவரச் சொல்கிறார். வேலைக்காரர்கள் இழுப்பதோ ஒரு கல்தூணை, அது அவர்களுக்குத் தெரியவில்லை. கத்துகிற எஜமானின் வாயிலிருந்து வருகிற கெட்ட வார்த்தையைக்கூடச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கோயில் சுவரில்! இந்த மேடையில் அதை நான் சொல்ல மாட்டேன்.

கொலோசியத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, எப்படியும் போவீர்கள். கி.பி. 80இல் திறந்தது. சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே என்று கேட்பீர்கள், கற்களை இணைத்திருந்த இரும்புப் பட்டைகளைப் பிற்காலத்தில் பெயர்த்து எடுத்துப் போனதன் தழும்பு அது. அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள ஃபோரமும், அதாவது பழைய ரோமின் நகர மையமும், அடக்கம், அதைத்தான் நம்மவர்கள் வெயிலுக்குப் பயந்து விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே மாக்சென்டியுஸ் பசிலிக்கா என்று மூன்று பிரம்மாண்டமான வளைவுகள் நிற்கும். அந்த இடத்தில் முன்பு இருந்தது டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு. ஆமாம், மேற்குக் கடற்கரையில் முசிறித் துறையில் கப்பலேறிய நம் மிளகு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதாகச் சங்கப் பாட்டில் படித்திருக்கிறோம், திரும்பிப் போன மிளகை இறக்கி வைத்த இடம் அது. அதற்காகவே வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் கொலோசியத்தைக்கூட விட்டுவிட்டு இங்கேதான் போவேன். முகப்பில் அக்ரிப்பா கட்டினார் என்று எழுதியிருக்கும், ஆனால் இன்று நிற்பது நெருப்புக்குப் பிறகு ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், 2ஆம் நூற்றாண்டில் எழும்பியது. பழைய பெயரை அப்படியே விட்டிருக்கிறார் மனிதர், நம் ஊர்க் கல்வெட்டு அரசியலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விட்டம் 43 மீட்டர், உயரமும் அதே 43 மீட்டர். கம்பியே இல்லாத கான்கிரீட் கூரை, அந்த வகையில் இன்றுவரை உலகத்திலேயே பெரியது. மேலே போகப் போகக் கூரையை மெலிதாக்கி, கலவையில் கனமான கல்லுக்குப் பதிலாக எடையில்லாத எரிமலைக் கல்லைப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் விழவில்லை. உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு மூடாத வட்டத் திறப்பு. மழை நேராக உள்ளே பெய்யும், தரையில் சின்னச் சின்னத் துளைகள் வழியாக வடிந்துபோகும். ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஓரமாக உட்கார்ந்து அந்த வெளிச்ச வட்டம் சுவரில் நகர்வதைப் பாருங்கள். 609இல் இதைத் தேவாலயமாக மாற்றியதால்தான் மற்றவை போல இடிபடாமல் பிழைத்தது. ஓவியர் ராஃபேலின் கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது.

நாலாவது இடம் வாடிகன் அருங்காட்சியகம் என்று எதிர்பார்ப்பீர்கள். இரண்டு நாளில் வேண்டாம் என்பேன். அரைநாள் கூட்டத்தில் நகர்ந்து, சிஸ்டைன் கூடத்தில் மைக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியத்தைப் பார்க்கக் கழுத்தை வளைத்து நிற்பதற்குள் 'நகருங்கள்' என்பார்கள். மைக்கேலாஞ்சலோதான் வேண்டும் என்றால் கொலோசியத்துக்குப் பக்கத்து மேட்டில் ஏறுங்கள், சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் அவருடைய மோசே சிலை இருக்கிறது, கட்டணம் கிடையாது. தாடியைப் பிடித்திருக்கும் விரல்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கேட்க மாட்டேன், வாடிகன்தான் என்பவர்கள் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகம் பூட்டு என்பதையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவெல்லாம் இரும்புக் குழாய் கொட்டிக்கொண்டே இருக்கும், ஊர் முழுக்க ஏறக்குறைய 2,500, நல்ல குடிநீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் அதன் மேல் பக்கத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. தேவாலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சேலைக்காரர்களுக்குக் கவலையில்லை, அரைக்கால் சட்டைக்காரர்கள் ஒரு பேண்ட் எடுத்து வையுங்கள். சரி, நான் உட்காருகிறேன், விசா பற்றிக் கேட்பவர்கள் முதலில் கேளுங்கள்.