பிள்ளையின் போனுக்கு எந்தக் கண்காணிப்பு ஆப்?

நேயர்களுக்கு வணக்கம். பதின்பருவப் பிள்ளையின் போனில் போட எந்தக் கண்காணிப்பு ஆப் நல்லது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், கவலை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். நள்ளிரவு தாண்டியும் போனை வைக்காததா? வீடு வந்து சேர்ந்தார்களா என்பதா? ஆபாசத் தளங்களா? முகம் தெரியாத யாரோ பேசுகிறார்கள் என்ற பயமா? முதல் மூன்றுக்கும் வேண்டியது போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நான்காவதை எந்த ஆப்பும் முழுதாகப் பிடித்துத் தராது.

ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. 2017இல் வந்தது. தூங்கும் நேரத்தில் போனைப் பூட்டலாம், புது ஆப் இறக்க உங்கள் ஒப்புதல் தேவை என்று வைக்கலாம், போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். உங்களிடம் ஐபோன் இருந்தாலும் இதை நடத்தலாம். ஆனால் பிள்ளையிடம் இருப்பது ஐபோன் என்றால் இதன் நேர வரம்பு அதில் செல்லாது. செய்திகளை இது படித்துக் காட்டாது. சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதுவே சரியான அளவு என்பது என் கருத்து.

ஐபோனில் நேர வரம்பு வைக்க ஸ்க்ரீன் டைம் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது, 2018 முதல். 'வரம்பு வைத்தேன், வேலை செய்யவில்லை' என்ற புகார் இதில்தான் அதிகம். காரணம் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, ஸ்க்ரீன் டைமுக்கென்று தனிக் கடவு எண் வைக்காதது, அல்லது பிள்ளை ஊகிக்கக்கூடிய எண்ணை வைத்தது. மற்றொன்று, வரம்பு முடிந்ததும் தடுக்கச் சொல்லும் சுவிட்சைப் போடாதது. அது அணைந்திருந்தால் வரம்பு வெறும் அறிவிப்புதான்; பிள்ளை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தொடரலாம்.

இவை போதாமல் வெளி ஆப் வாங்குகிறீர்கள் என்றால், விளம்பரத்தை விட்டுவிட்டு அது கேட்கும் அனுமதிகளைப் படியுங்கள். ஆண்ட்ராய்டில் ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டால், திரையில் தெரிவதைப் படிக்கும் உரிமையைக் கேட்கிறது என்று பொருள். விபிஎன் (இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பும் வசதி) அனுமதி கேட்டால், போனின் இணையப் போக்குவரத்து முழுதும் அந்த ஆப் வழியாகப் போகும்; தளங்களை அது வடிகட்டுவது அப்படித்தான். அங்கே ஒரு ஓட்டை உண்டு: ஆண்ட்ராய்டில் ஒரு பயனர் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். பிள்ளை வேறொரு விபிஎன்னை இயக்கினால் உங்கள் வடிகட்டி நின்றுபோகும். பல போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணி ஆப்களை நிறுத்திவிடும். இந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி வைக்காவிட்டால் அறிக்கை பாதியில் நின்றுவிடும். பணம் கட்டியவர்கள் பலருக்கு இது பிறகுதான் தெரியவரும்.

'பிள்ளைக்குத் தெரியாமல் ஓடும்' என்று விற்கும் எதையும் தொடாதீர்கள். ப்ளே ஸ்டோர் விதிப்படி கண்காணிப்பு ஆப் ஒளிந்துகொள்ளக் கூடாது. அது ஓடும்போது அறிவிப்பு தெரிந்தே ஆக வேண்டும். அதனால்தான் ஒளிந்து ஓடுபவை வேறு தளத்திலிருந்து இறக்கச் சொல்லும், தீங்கான ஆப்களைக் கண்டுபிடிக்கும் கூகுளின் காவலான ப்ளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்லும். அணைத்தபின் அந்த போன் மற்றத் தீங்கான ஆப்களுக்கும் திறந்த வீடுதான். ஐபோனிலோ ஓர் ஆப் இன்னோர் ஆப்புக்குள் எட்டிப் பார்க்க முடியாது. 'எல்லாச் செய்தியும் காட்டுவோம்' என்பவர்கள் பிள்ளையின் ஆப்பிள் ஐடியையும் கடவுச்சொல்லையும் கேட்பது, ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் சேமித்த நகலைப் படிப்பதற்காக. அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018இல் டீன்சேஃப் என்ற ஆப்புக்கு நடந்ததே போதும். பெற்றோருக்கென்றே விற்கப்பட்ட அந்த ஆப்பின் சர்வர்கள் பூட்டில்லாமல் திறந்து கிடந்தன. பிள்ளைகளின் ஆப்பிள் ஐடி கடவுச்சொற்கள் அப்படியே படிக்கும்படி அதில் இருந்தன. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அணைத்தால்தான் அந்த ஆப் ஓடும் என்பதால், கடவுச்சொல் கையில் கிடைத்தவருக்கு வேறு தடையும் இல்லை.

ஆபத்தான பேச்சைக் கண்டு எச்சரிக்கும் ஆப்களும் உண்டு. அவை எந்தெந்த மொழியைப் புரிந்துகொள்ளும் என்று முதலில் பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது நம் பிள்ளைகள் வழக்கம். இலவசச் சோதனைக் காலத்திலேயே அப்படிச் சில வாக்கியங்களை அனுப்பி, எச்சரிக்கை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆப்பைப் போட்ட அன்றே, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சோதியுங்கள். தடுத்த தளத்தை இன்னொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். செய்தி ஆப்புக்குள் வரும் இணைப்பைத் தட்டிப் பாருங்கள். வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். போனை அணைத்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் விருந்தினர் கணக்கு, ஒரே ஆப்பின் இரண்டாவது பிரதியை வைத்துக்கொள்ளும் இரட்டை ஆப் வசதி இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். யாரும் கவனிக்காத இன்னொரு வழி, அலமாரியில் கிடக்கும் பழைய போன். அதற்கு சிம் வேண்டாம், வைஃபை போதும்.

ஆப் வேண்டாம் என்று முடிவெடுக்கும் நாளில் வரிசை முக்கியம். முதலில் உங்கள் கணக்குக்குள் போய், சேர்ந்திருக்கும் தகவலையும் கணக்கையும் அழியுங்கள். சந்தாவைத் தனியாக ரத்து செய்யுங்கள். ஆப்பை நீக்கினால் மட்டும் கட்டணம் நிற்காது. பிறகு போனில் அந்த ஆப்புக்குக் கொடுத்த நிர்வாகி அனுமதியை (போனைக் கட்டுப்படுத்தும் உரிமை) எடுத்துவிட்டு, கடைசியாக ஆப்பை நீக்குங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால், அதுவரை சேர்ந்த இடக் குறிப்புகளும் அறிக்கைகளும் அந்த நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும்.