ஹாம் ரேடியோக்காரங்க பாஷை

வணக்கம் நேயர்களே. ஹாம் ரேடியோவை, அதாவது லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசுறவங்களை, முதல் தடவையா திருப்பிக் கேக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது, 'க்யூ டி எச் என்ன, இங்க க்யூ ஆர் எம் ஜாஸ்தி, உங்க சிக்னல் ஃபைவ் செவன்'னு போயிட்டே இருக்கும், ஏதோ ரகசியம் பேசுறாங்கன்னு நெனச்சுடாதீங்க, அர்த்தத்தை மறைச்சுப் பேச ஹாமுக்கு அனுமதியே கிடையாது.

எல்லாம் மோர்ஸ் காலத்து, அதாவது எழுத்தைப் புள்ளியும் கோடுமா தட்டி அனுப்பின காலத்து, சிக்கனம்தான். கீயைத் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தா அனுப்பணும்னா 'நீங்க எந்த ஊர்ல இருந்து பேசுறீங்க'ன்னு முடிக்கிறதுக்குள்ள பாதி நேரம் போயிடும். அதனால கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல பேசிக்க 1909 வாக்குல பிரிட்டன்ல க்யூல ஆரம்பிக்கிற மூணெழுத்துக் குறியீடுங்களுக்கு ஒரு பட்டியல் போட்டாங்க, 1912 லண்டன் மாநாட்டுல அது உலகத்துக்கே பொதுவாச்சு, ஹாம்களும் அப்படியே எடுத்துக்கிட்டாங்க. மூணு எழுத்துக்குப் பின்னாடி கேள்விக்குறி வந்தா கேள்வி, வரலைன்னா பதில், அவ்ளோதான். க்யூ டி எச்னு கேள்வியா தட்டினா 'உங்க ஊர் எது', சும்மா தட்டினா 'என் ஊர் இது'. க்யூ ஆர் எல்னு கேள்வியா தட்டினா 'இந்த ஃப்ரீக்வென்சில யாராவது இருக்கீங்களா'ன்னு அர்த்தம். சி க்யூ, அதாவது 'யார் வேணா பதில் சொல்லுங்க'ன்னு கூப்பிடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டே ஆகணும், ஏன்னா அங்க ரெண்டு பேர் பேசிட்டிருப்பாங்க, ஒருத்தரோட சிக்னல் உங்க தலைக்கு மேல தாண்டிப் போயிருக்கும், உங்களுக்கு சேனல் காலியா இருக்கிற மாதிரியே தெரியும்.

க்யூ ஆர் எம், க்யூ ஆர் என் ரெண்டையும் பல பேர் குழப்பிக்கிறாங்க. முதலாவது மனுஷன் பண்ற இடைஞ்சல், பக்கத்து ஸ்டேஷன், மட்டமான சார்ஜர், எல்ஈடி பல்பு இதெல்லாம். ரெண்டாவது இயற்கை, மின்னல் அடிக்கிறப்போ படபடன்னு வர்ற சத்தம். சார்ஜரைப் புடுங்கிடலாம், மின்னலை என்ன பண்றது? சிக்னல் ஏறி இறங்கி மங்குச்சுன்னா அது க்யூ எஸ் பி, கொஞ்சம் பொறுத்தா திரும்பி வரும்.

அப்புறம் ரிப்போர்ட், அதாவது எதிராளி சிக்னல் எப்படி வருதுன்னு சொல்ற எண்கள். ஃபைவ் செவன்ல முதல் எண் பேச்சு எவ்ளோ தெளிவா புரியுது, 1லேர்ந்து 5 வரை. அடுத்தது சிக்னல் பலம், 1லேர்ந்து 9. மோர்ஸ்னா மூணாவதா டோனுக்கும், அதாவது சத்தம் எவ்ளோ சுத்தமா இருக்குங்கிறதுக்கும், ஒரு எண் உண்டு. பலத்துல ஒரு படிக்கு 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு பவர் கணக்கு, அப்படின்னா 100 வாட்டை 400 வாட்டா ஏத்தினாலும் எதிர்ல இருக்கிறவர் மீட்டர்ல ஒரே ஒரு படிதான் ஏறும், அதனால பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குற காசை ஆன்டெனால போடுங்கன்னு நான் சொல்வேன். ஆனா கான்டெஸ்ட்ல, அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள நிறைய பேர்கிட்ட பேசுற போட்டியில, பாத்தீங்கன்னா 'ஃபைவ் நைன், உங்க கால்சைன் கேக்கல, மறுபடி சொல்லுங்க'ம்பாங்க! (கால்சைன்னா ஒவ்வொரு ஹாமுக்கும் லைசென்ஸோட கிடைக்கிற அடையாள எழுத்தும் எண்ணும்.) கேக்காதவருக்கு எப்படிய்யா ஃபைவ் நைன்? மோர்ஸ்ல இன்னும் மோசம், 9க்கு நாலு கோடு ஒரு புள்ளி அடிக்கணும்னு சோம்பல்பட்டு என் எழுத்துக்கான ஒரு கோடு ஒரு புள்ளியோட முடிச்சுக்குவாங்க.

விடைபெறும்போது 73, அதுவே 'வாழ்த்துகள்'னு பன்மைதான், அதைப் போய் 'செவன்ட்டி த்ரீஸ்'னு சொன்னா பழைய ஆளுங்களுக்குக் கோவம் வரும். 88 அன்பு முத்தம், யாருக்குச் சொல்றோம்னு பாத்து சொல்லணும்.

புதுசா வர்றவங்க இத்தனையையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், மைக்ல பேசுறப்போ 'ஊர் இது'ன்னே சொல்லலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ஆனா கால்சைனை மட்டும் ஆல்ஃபா, பிராவோ, சார்லின்னு எழுத்தெழுத்தா சொல்லிடுங்க, இரைச்சல்ல பி, டி, ஈ, வி எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும்.