ஒரு சாண் இடைவெளி: ஃபுட்பால் கோச்சா இருந்து வக்கீலான வில்லியம் ஹென்றி லூயிஸ்

[திரையில்: புல்தரையில ஒரு பந்து, ரெண்டு பக்கமும் குனிஞ்சு நிக்கிற ஆட்டக்காரங்க]

இந்தப் பந்தைப் பாருங்க. இது நம்ம ஊரு கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால், கையில தூக்கிட்டு ஓடுவாங்களே அது. பந்து எவ்ளோ நீளமோ, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு டீமுக்கும் நடுவுல அவ்ளோ இடம் விடணும், பந்தைப் பிடிச்சிருக்கிற ஆளைத் தவிர வேற யாராவது ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதுக்குள்ள மூக்கை நீட்டினாலும் பெனால்ட்டி. 1906க்கு முன்னாடி இந்த இடைவெளியே கிடையாது, ரெண்டு டீமும் மூஞ்சிக்கு மூஞ்சி ஒட்டிக்கிட்டு நிப்பாங்க, பந்து நகர்றதுக்குள்ளயே குத்து விழுந்துடும். 1905 சீசன்ல மட்டும் குறைஞ்சது 18 பேர் செத்தாங்கன்னு அப்போ பத்திரிகையில கணக்கு வந்துச்சு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே பெரிய காலேஜ்காரங்களைக் கூப்பிட்டுப் பேசுற நிலைமை. நடுவுல இடம் விடுங்கன்னு யோசனை சொன்ன பெருமை ஹார்வர்டு கோச் வில்லியம் ஹென்றி லூயிஸுக்குத்தான்.

யாரு இவரு? 1868ல வர்ஜீனியால பிறந்தவர், அப்பா அம்மா ரெண்டு பேரும் அடிமையா இருந்து விடுதலையானவங்க. ஆம்ஹர்ஸ்ட் காலேஜ்ல ஃபுட்பால் கேப்டன், அப்புறம் ஹார்வர்டுல சட்டம் படிக்க வந்து அங்கயும் ஆடினார். சென்டர் பொசிஷன், நடுவுல நின்னு முதல் இடியை வாங்குற இடம், இவரோ 80 கிலோகூட வர மாட்டார். ஆனா 1892, 1893 ரெண்டு வருஷமும் ஆல்-அமெரிக்கன் டீம்ல, அதாவது நாட்டுலயே சிறந்த காலேஜ் ஆட்டக்காரங்க பட்டியல்ல, பேரு வந்துச்சு, அந்தப் பட்டியல்ல வந்த முதல் கறுப்பினத்தவர் இவர்தான்.

அவ்ளோ பேரு இருந்தும், ஹார்வர்டு பக்கத்துல இருந்த ஒரு சலூன்ல ஷேவ் பண்ணிக்கப் போனா மாட்டேன்னுட்டாங்க. கிரவுண்டுல கை தட்டினவங்க ஊர்லயே இது நடந்திருக்கு பாருங்க, எனக்கு இந்த இடத்துல மனசு ரொம்ப கனக்குது. இவர் அதை விடல. சலூன் மாதிரி பொது இடத்துல நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக்கூடாதுன்னு ஹார்வர்டு இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்தோட சட்டத்தை பலப்படுத்தறதுக்குப் போராடினார், 1893ல அது நடந்துச்சு.

1895ல இருந்து 1906 வரைக்கும் ஹார்வர்டுக்கு கோச், அதுவும் வக்கீல் வேலை பார்த்துக்கிட்டே. முக்கியமா டிஃபென்ஸ் சொல்லிக்கொடுத்தார். நடுவுல 1896ல இந்த ஆட்டத்தை எப்படி ஆடணும்னு ஒரு புத்தகமும் எழுதிட்டார். 1903ல ரூஸ்வெல்ட் இவரை பாஸ்டன்ல மத்திய அரசு வக்கீலா போட்டார்.

1911தான் பெரிய வருஷம். ஜனாதிபதி டாஃப்ட் இவரை அமெரிக்காவோட உதவி அட்டர்னி ஜெனரலா, அதாவது அரசோட தலைமை வக்கீலுக்கு உதவியா, நியமிச்சார், அதுவரைக்கும் மத்திய அரசுல ஒரு கறுப்பினத்தவருக்கு இவ்ளோ உயர்ந்த பதவி கிடைச்சதில்ல, தெற்கு மாநிலக்காரங்க எதிர்த்தும் செனட் ஒத்துக்கிச்சு. அதே வருஷம் வக்கீல்களோட சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன்ல உறுப்பினரானார். இவர் கறுப்பினத்தவர்னு தெரிஞ்சதும் 1912ல வெளியேத்தப் பார்த்தாங்க. ராஜினாமா பண்ணவே மாட்டேன்னு நின்னார் லூயிஸ். இவரோட மேலதிகாரி, அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாம், சுமார் 4,700 உறுப்பினர்களுக்கும் இவருக்காக லெட்டர் போட்டார்! கடைசில இவரை வெளியேத்த முடியல. ஆனா இனிமே சேர்றவங்க என்ன இனம்னு சொல்லணும்னு ஒரு தீர்மானம் போட்டு கதவைச் சாத்திட்டாங்க, அது திறக்க 1943 ஆயிடுச்சு.

பதவி முடிஞ்சதும் பாஸ்டன் திரும்பி வந்து வயசான காலத்துலயும் கோர்ட்ல வாதாடினார். 1949 ஜனவரி 1ஆம் தேதி, 80 வயசுல இறந்தார். காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல இவர் பேரைச் சேர்த்தது 2009ல, அவர் போய் 60 வருஷம் கழிச்சு.