பூஜ்ய வீத வாட், வரிவிலக்கு: இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

வணக்கம். பத்தாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கும் தம் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சகோதரி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து, வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி பற்றிக் கேட்டிருக்கும் கேள்வி இது: "கடையில் வாங்கும் பிரவுன் பிரெட்டுக்கு வாட் கிடையாது, நாங்கள் கொடுக்கும் வீட்டு வாடகைக்கும் வாட் கிடையாது. அப்படியிருக்க, ஒன்றைப் பூஜ்ய வீதம் என்றும் மற்றொன்றை வரிவிலக்கு என்றும் பாடப்புத்தகம் ஏன் பிரிக்கிறது? பணம் கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதானே?"

மிக நியாயமான கேள்வி. இரண்டு பட்டியல்களையும் அச்சிட்டு, காரணம் சொல்லாமல் மனப்பாடம் செய்யச் சொல்வது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். வாங்குபவரின் ரசீதை மட்டும் பார்த்தால் இரண்டிலும் வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் விற்பவர் தம் தொழிலுக்காகப் பொருள் வாங்கியபோது அவர் கட்டிய வரி என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

வாட் எப்படி நகர்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். வாட் பதிவு பெற்ற ஒரு கடைக்காரர் 1,150 ராண்டுக்கு மசாலாப் பொடி வாங்குகிறார். வாட் வீதம் 15 சதவீதம் என்பதால் அதில் 150 ராண்ட் வரி. அதை 1,610 ராண்டுக்கு விற்கிறார். அதில் 210 ராண்ட் வரி. விற்றபோது வசூலித்தது வெளியீட்டு வரி, வாங்கியபோது கட்டியது உள்ளீட்டு வரி. 210-இல் 150-ஐக் கழித்து, மீதி 60 ராண்டை மட்டும் அவர் வருவாய்த் துறையான சார்ஸுக்குச் செலுத்துகிறார். வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கும்போது 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும் என்பதையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள். 1,150-க்கு நேராக 15 சதவீதம் கண்டு 172.50 என்று எழுதி மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் பலர்.

இப்போது அதே கடைக்காரர் அரிசி, பருப்பு, பிரவுன் பிரெட், சமையல் எண்ணெய் ஆகியவற்றை மட்டும் விற்கிறார் என்று கொள்வோம். இவை பூஜ்ய வீதப் பொருள்கள். அதாவது, இவற்றின் விற்பனை வரிக்கு உட்பட்ட விற்பனைதான். வீதம் மட்டும் பூஜ்யம். கடைக்காக அவர் 11,500 ராண்டுக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கினால், அதில் அடங்கிய 1,500 ராண்ட் உள்ளீட்டு வரியை முழுமையாகக் கோரலாம். கழிப்பதற்கு வெளியீட்டு வரியே இல்லாததால், அந்தத் தொகை சார்ஸிடமிருந்து அவருக்குத் திரும்பி வரும். ஆகவே அரிசியின் விலைக்குள் அந்த வரி புக வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டை வாடகைக்கு விடுபவரின் நிலை வேறு. குடியிருப்பு வாடகை வரிவிலக்குப் பெற்றது என்பதால் அது வாட் ஏற்பாட்டுக்கே வெளியில் நிற்கிறது. வாடகை வீட்டுக்காக அவரும் 11,500 ராண்டுக்கு ஒரு கீசர் வாங்கிப் பொருத்துகிறார்; அவர் கட்டிய 1,500 ராண்டைக் கோர வழியே இல்லை. வரிவிலக்குப் பெற்ற சேவையை மட்டும் அளிப்பவர் வாட் பதிவே பெற முடியாது. முழு 11,500-உம் அவருடைய செலவாக நின்றுவிடுகிறது. அடுத்த முறை வாடகையை உயர்த்தும்போது அந்தச் செலவையும் மனத்தில் வைத்துத்தான் உயர்த்துவார். எனவே, சகோதரி, உங்கள் வாடகை ரசீதில் வாட் என்ற வரி இல்லாவிட்டாலும், வாடகைக்குள் கொஞ்சம் வாட் மறைந்திருக்கிறது. வரிவிலக்கு என்ற பெயரைக் கேட்டவுடன் அதுதான் பெரிய சலுகை என்று தோன்றும். உண்மையில் பூஜ்ய வீதமே முழுச் சலுகை.

நம் நகரத்தில், முன்பு கிரே தெரு என்று அழைக்கப்பட்ட டாக்டர் யூசுஃப் டாடூ தெருப் பக்கம், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த பழைய கட்டடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாடத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அத்தகைய கட்டடத்தின் உரிமையாளர் வாட் பதிவு பெற்றவர் என்றும், வரி நீங்கலாகக் கடை வாடகை மாதம் 18,000 ராண்ட், வீட்டு வாடகை 12,000 ராண்ட் என்றும் வைத்துக்கொள்வோம். கடை வாடகைக்கு 15 சதவீதம் வாட் உண்டு. வீட்டு வாடகைக்கு விலக்கு. கூரையைப் பழுதுபார்க்க 69,000 ராண்ட் செலவானால் அதில் 9,000 ராண்ட் வரி. கூரை இரண்டு பகுதிகளுக்கும் பொது என்பதால் வருமான விகிதப்படி பங்கிட வேண்டும்: 30,000-இல் 18,000 என்பது 60 சதவீதம், ஆகவே 5,400 ராண்டை மட்டும் கோரலாம், மீதி 3,600 ராண்ட் அவர் தலையில்தான் விழும்.

எந்தப் பொருளுக்குப் பூஜ்ய வீதம் என்பதைத் தீர்மானிப்பது 1991-ஆம் ஆண்டின் வாட் சட்டம். அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று 10 சதவீதமாகத் தொடங்கிய வரி, 1993-இல் 14 ஆகவும், 2018 ஏப்ரல் 1 முதல் 15 ஆகவும் உயர்ந்தது. அறிமுகமான சில வாரங்களிலேயே, நவம்பர் 4, 5 தேதிகளில், ஏழைகளின் உணவுக்கு வரி விதிப்பதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தின. சோற்றுக்குக் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் எவற்றை வாங்குகின்றனவோ அவற்றின் பட்டியலே பூஜ்ய வீதப் பட்டியல் என்று நினைவில் கொண்டால், மக்காச்சோள மாவு, பால், முட்டை, காய்கறி, பழம், டின் பில்சர்ட் மீன் ஆகியவை அதில் இருப்பதும், ஆலிவ் எண்ணெய் இல்லாததும் தாமாகவே விளங்கும்.

ஆனாலும் எல்லாம் அவ்வளவு சீராக அமையவில்லை. 2019 ஏப்ரல் முதல் வெள்ளை பிரெட் மாவு, கேக் மாவு ஆகிய கோதுமை மாவுகளுக்குப் பூஜ்ய வீதம் வந்தது. அந்த மாவில் சுட்ட வெள்ளை பிரெட்டுக்கு இன்றும் 15 சதவீதம் உண்டு. அதையும் சேர்க்கலாம் என்று 2018-இல் வல்லுநர் குழு பரிந்துரைத்தும் அரசு ஏற்கவில்லை. ஏற்றிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அதேபோல, உலர்ந்த பீன்ஸுக்கு வாட் இல்லை; அதை வேகவைத்து, குடைந்த பிரெட்டுக்குள் கறி நிரப்பித் தரும் பன்னி சவ்வாகக் கடையில் பரிமாறினால் 15 சதவீதம் உண்டு, ஏனெனில் உடனே உண்பதற்குச் சமைத்துத் தரும் உணவுக்குப் பூஜ்ய வீதம் பொருந்தாது.

டாக்ஸி கட்டணத்தைப் பற்றியும் சகோதரி கேட்டிருந்தார். மினிபஸ் டாக்ஸி, பஸ், ரயில் பயணிகள் கட்டணம் வரிவிலக்குப் பிரிவைச் சேர்ந்தது. டாக்ஸி உரிமையாளர் நிரப்பும் பெட்ரோலும் டீசலும் பூஜ்ய வீதம் என்பதால் அங்கே வாட் சுமை இல்லை. வண்டி, டயர், உதிரிபாகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்குக் கட்டும் வாட்டை அவர் மீட்க முடியாது. தேர்வில் இத்தகைய வினா வந்தால், விற்பனையில் வரி இல்லை என்று எழுதி நிறுத்திவிடாமல், "உள்ளீட்டு வரியைக் கோர இயலாது" என்ற வாக்கியத்தையும் மகள் சேர்த்து எழுதட்டும். பூஜ்ய வீத வினாவுக்கு "கோரலாம்" என்று எழுத வேண்டும்.