தூக்குக்குண்டு நிற்கட்டும்

வணக்கம். நான் 35 வருஷம் கட்டட வேலைத் தளத்தில் வெயில் தின்றவன். மணல், கம்பி, சிமென்ட் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தால் சரி, தியானத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் ஃப்ரீமேசன்களின் தியானம். கல்தச்சர்களின் கருவிகளை அடையாளமாக வைத்துக்கொண்டு கூடும் ஒரு சகோதரத்துவச் சபை அது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்தச் சபையில் உறுப்பினன் இல்லை. படித்ததும், உறுப்பினரான நண்பர் ஒருவரிடம் கேட்டதும்தான் என் சரக்கு.

அவர்கள் கூடும் சபைக்கு லாட்ஜ் என்று பெயர். நமக்கு லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரூம் வாடகைக்கு விடுகிற இடம். ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்கள் கட்டிய காலத்தில், கல்தச்சர்கள் கருவிகளை வைத்துக்கொண்டு வேலை செய்த கொட்டகைக்குத்தான் அந்தப் பேர் இருந்தது. நம்ம சைட் ஷெட் மாதிரி. பிற்பாடு கல்லையே தொடாதவர்கள் உள்ளே வந்தார்கள்: பிரபுக்கள், வக்கீல்கள், வியாபாரிகள். 1717-இல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து பெரிய லாட்ஜ் ஒன்றை அமைத்ததாக அவர்கள் கணக்கு. கல் வேலை போய்விட்டது, கருவிகள் மட்டும் நின்றுவிட்டன. உளி, சுத்தியல், மூலை சரியா என்று பார்க்கும் மூலமட்டம், தரை சமமா என்று பார்க்கும் மட்டப்பலகை, நூலில் தொங்கவிட்டுச் சுவர் நேரா என்று பார்க்கும் தூக்குக்குண்டு. இவற்றை எதிரே வைத்துக்கொண்டு தன்னைப் பற்றி யோசிப்பதுதான் அவர்களுடைய தியானம். கண்ணை மூடச் சொல்வதில்லை, மூச்சை அடக்கச் சொல்வதில்லை. ஒரு பொருளைப் பார், அது உன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேள். அவ்வளவுதான் பாடம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மேஸ்திரி ஞாபகம் வந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுவருக்குத் தூக்கு பார்க்கிறேன் என்று அவசரமாகக் குண்டை விட்டு, "ரெண்டு நூல் சாஞ்சிருக்கே மேஸ்திரி" என்றேன். அவர் கரணையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "குண்டு ஆடிக்கிட்டு இருக்கு சார். ஆடும்போது பாத்தா எந்தச் சுவரும் கோணலாத்தான் தெரியும். நிக்கட்டும்" என்றார். காற்று வேறு அடித்தது. கையை மறைப்பாக வைத்து நின்றோம். குண்டு மெல்ல ஆட்டம் குறைந்து, ஒரு நடுக்கம் நடுங்கி, நின்றது. சுவர் நேராகத்தான் இருந்தது. லாட்ஜில் தூக்குக்குண்டுக்கு நேர்மை என்று பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கென்னவோ அது நிற்கும் வரை காத்திருப்பதில்தான் பாடமே இருப்பதாகப் படுகிறது.

மட்டப்பலகை அவர்களுக்குச் சமத்துவம். உள்ளே பிரபுவும் கடைக்காரரும் ஒரே மட்டம். தமிழில் பாருங்கள், 'மட்டமான ஆள்' என்றால் திட்டு! கொத்தனாரிடம் போய் "தரை மட்டமா இருக்கு" என்றால் மட்டும் சந்தோஷப்படுவார்.

இந்தத் தியானத்தின் கூர்மையான இடம் என்று நான் நினைப்பது ஒரு சின்ன அறை. பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளின் லாட்ஜுகளில் அதிகம் காணலாம். இங்கிலாந்தின் வழக்கத்தில் பொதுவாக இல்லை. புதிதாகச் சேர வருபவரை, சடங்கு தொடங்கும் முன் அங்கே தனியாக உட்காரவைக்கிறார்கள். கறுப்புச் சுவர், ஒரு மெழுகுவத்தி. மேஜைமேல் மண்டையோடு, மணற்கடிகாரம், ரொட்டித் துண்டு, தண்ணீர், உப்பு, கந்தகம். சுவரில் விடியலைக் கூவும் சேவலின் படம். பக்கத்தில் லத்தீன் வாக்கியம் ஒன்றின் முதலெழுத்துகள்: பூமியின் உள்ளே போய்ப் பார், சீர்படுத்திக்கொண்டே போனால் மறைந்திருக்கும் கல் கிடைக்கும் என்பது அதன் பொருள். எதிரே ஒரு தாள். தனக்கும் பிற மனிதருக்கும் தான் என்ன கடமைப்பட்டவன் என்று எழுதி, கடைசியில் உயிலும் எழுத வேண்டும். சொத்துக்கான உயில் இல்லை, இன்றைக்கே செத்தால் எதை விட்டுப்போகிறாய் என்கிற உயில். சுடுகாட்டுக்குப் போய்வந்த அன்றைக்கு நமக்கும் இப்படி ஒரு யோசனை வரும், குளித்ததும் போய்விடும். இவர்கள் அதைத் தாளில் பிடித்து வைக்கிறார்கள்.

அதைத் தாண்டிப் பெரிய கூடத்துக்கு வந்தால் தரை கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருக்கும். இன்பதுன்பம், நன்மைதீமை. வெள்ளையில் மட்டும் கால்வைத்து நடக்கப் பாண்டி ஆடினால்தான் உண்டு. ஆகவே இரண்டின்மேலும் தள்ளாடாமல் நடக்கப் பழகு என்கிறார்கள்.

பலதரப்பட்ட மனிதர்கள் ஒன்றாக உட்கார அவர்கள் கண்ட வழி கொஞ்சம் கறாரானது: லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியலும் பேசக்கூடாது. 1723-இல் அச்சான அவர்களுடைய சட்டப் புத்தகமே, எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மதம் போதும், மற்ற அபிப்பிராயங்களை அவரவர் வைத்துக்கொள்ளட்டும் என்கிறது. கடவுளைப் பேரண்டத்தின் பெருந்தச்சன் என்ற அர்த்தத்தில் கூப்பிடுகிறார்கள். பெருந்தச்சன் என்ற சொல் என் மொழிபெயர்ப்புதான், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அதைக் கட்டியவருக்கு உள்ள பட்டம். இந்திய லாட்ஜுகளில் கீதை, குர்ஆன், பைபிள் என்று பல மறைநூல்களைச் சேர்த்தே வைக்கிறார்கள். ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா 1770-களில் சேர்ந்தது நம் திருச்சிராப்பள்ளியில்தான்.

குறையும் உண்டு. மனித குலம் ஒன்று என்கிற சபையின் பழைய சட்டம் பெண்களைச் சேர்க்காதே என்றும் சொன்னது. 1893-இல் பாரிஸில் இரு பாலாருக்கும் பொதுவான அமைப்பு ஒன்று பிறக்க வேண்டியிருந்தது; அதில் 1902-இல் சேர்ந்தவர் நம் அடையாற்று அன்னி பெசன்ட். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு சகோதரத்துவம் பேசுவதும் எனக்கு முழுக்கச் செரிக்கவில்லை. வடக்கே ஜனங்கள் அந்தக் கட்டடங்களை 'ஜாதூ கர்', மந்திர வீடு, என்று சொன்னதில் தப்பே இல்லை.

ஆனாலும் ஒரு கருவியை மட்டும் கடன் வாங்கினேன். 24 அங்குல அளவுகோல். ஒரு அங்குலம் ஒரு மணி நேரம். அமெரிக்க லாட்ஜுகளில் அதை எட்டெட்டாகப் பிரிக்கிறார்கள்: கடவுளுக்கும் கஷ்டத்தில் இருப்பவருக்கும் எட்டு, தொழிலுக்கு எட்டு, ஓய்வுக்கும் தூக்கத்துக்கும் எட்டு. போன வாரம் ஒரு நாள், ராத்திரி சாப்பிட்டபின் ஸ்கேலை எடுத்து நோட்டில் கோடு போட்டு என் நாளைக் குறித்தேன். நான் ரிடையர் ஆனவன், தொழில் பங்கு முழுக்க டி.வி.க்கும் பேப்பருக்கும் போயிருந்தது. தூக்கத்தின் பங்கு எட்டைத் தாண்டி ஒன்பதில் நின்றது. முதல் பங்கில் சாமி விளக்கு ஐந்து நிமிஷம், ஆஸ்பத்திரியில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு போன். அரை அங்குலம்கூட வரவில்லை. பென்சிலால் போட்டதால் அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன், என் வீட்டுக்காரி "இருக்கட்டும், நாளைக்கும் போடுங்க" என்று நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள்.

நன்றி, வணக்கம்.