ஒரே பிள்ளை, இரண்டு பதில்கள்

வணக்கம் நேயர்களே. குழந்தைகள் மனநல மருத்துவர் என்ற முறையில் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்த வயசுல அவனுக்கு என்ன டாக்டர் கவலை?" பிள்ளைகளுக்கும் மனச்சோர்வு நோய் வரும். அது வீட்டில் ஒருவிதமாகத் தெரிகிறது, பிள்ளைக்குள் வேறுவிதமாக இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அம்மா சொன்னது: "வயித்துவலின்னு ஸ்கூலுக்கு மட்டம் போடறா. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா. மத்தபடி நல்லாத்தான் இருக்கா." பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். "எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனார். (இந்த எழுந்து போவதற்கே தினமும் பாதி நேரம் போய்விடும், அது தனிக்கதை.)

தனியாக இருந்தபோது அந்தப் பெண் வயிற்றுவலியைப் பற்றிப் பேசவே இல்லை. இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை, தன்னால்தான் வீட்டில் சண்டை, தான் இல்லாவிட்டால் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள் என்றாள். அம்மா பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். அவருக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா பாவம், அழுவாங்க."

சரி, அப்படியானால் பிள்ளை சொல்வதுதான் சரி, அம்மா சொல்வது தப்பா? அதுவும் இல்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எப்பவும் இப்படித்தான்." அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம்தான் என்று தேதி மாதிரி சொன்னவர் அம்மா. மனச்சோர்வு உள்ள பிள்ளைகள் பலர் அழுவதில்லை, எரிச்சல்படுவார்கள். அந்த எரிச்சலைப் பார்த்தவரும் அம்மாதான். ஆகவே யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடாதீர்கள்.

இது இந்த ஒரு வீட்டுக் கதை இல்லை. 1987-இல் அமெரிக்காவில் உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 119 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரின் பதில்கள் முழுக்க ஒத்துப்போனால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதும் மற்றவர்கள் அதே பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் 0.22 அளவுக்குத்தான் ஒத்துப்போயின. அப்பாவும் அம்மாவும் சொன்னது ஏறக்குறைய 0.6. அதற்காக அப்பாவும் அம்மாவும் சொல்வதே உண்மை என்று ஆகிவிடாது. இருவரும் வெளியிலிருந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அடிதடி, அடம் இதெல்லாம் எல்லார் கண்ணிலும் படும். குற்ற உணர்ச்சி யார் கண்ணில் படும்? மறுபடியும் சொல்கிறேன், யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஆசிரியர்கள் சொல்வதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், முடியாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால், வீட்டில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அம்மாவுக்கே மனச்சோர்வு இருந்தாலும் அதே எண்தான். வணக்கம்.