ஆங்கிலத்துக்கும் உயிர் பன்னிரண்டு

(காரைக்குடியில் பிளஸ் டூ மாணவர்களுக்காக நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், பின்வரிசையாகப் பார்த்து இடம் பிடித்துக்கொண்ட மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் உயிரெழுத்து எத்தனை? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஐந்து என்று சொல்லிவிடும். சரி, உயிரொலி எத்தனை? பிரிட்டிஷ் உச்சரிப்பை அளவாக வைத்தால் இருபது. நாக்கு ஓரிடத்தில் நின்று பிறக்கிற தனி ஒலி பன்னிரண்டு. ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்துக்கு நழுவுகிற கூட்டொலி எட்டு. நமக்கும் உயிர் பன்னிரண்டுதான். ஆனால் நமக்குக் குறில் ஐந்து, நெடில் ஏழு. அவர்களுடைய தனி ஒலிகளில் குறில் ஏழு, நெடில் ஐந்து. அப்படியே திருப்பிப் போட்ட கணக்கு. தற்செயல்தான், இதை வைத்து யாரும் ஆராய்ச்சி தொடங்கிவிட வேண்டாம்.

நம் ஊர்ப் பழைய வீட்டு முகப்பில் நின்று பார்த்தால் நடுவில் இருக்கிற வளவு தாண்டிப் பின்கட்டு வாசல் வரை நேராகத் தெரியும். காற்று எங்கும் முட்டாது. உயிரொலியும் அப்படித்தான், மூச்சு வாய்க்குள் எங்கும் தடைபடாமல் வருகிறது. நாக்கு எந்தக் கட்டில் எழும்புகிறது என்பதில்தான் வேறுபாடு. 'சீ' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு முகப்புக்கு வரும். 'டூ' என்றால் பின்கட்டுக்குப் போய்விடும், உதடும் குவியும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் அன்றைக்கே சொல்லிவிட்டது.

முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் வளவிலேயே சோம்பிப் படுத்திருக்கிற ஒலி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஷ்வா. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிர் இதுதான், இதற்கென்று ஓர் எழுத்துகூட இல்லை. 'பனானா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மூன்று இடத்திலும் ஒரே உயிரெழுத்து. பந்தியில் நடு இலைக்கு மட்டும் பாயசம் ஊற்றியதுபோல நடுவில்தான் முழு ஆகாரம். முதலும் கடைசியும் ஷ்வா. நாமோ எல்லா இலைக்கும் தாராளமாகப் பரிமாறிவிடுகிறோம். அழுத்தம் விழுகிற அசையில் உயிர் நிமிரும், விழாத இடத்தில் சுருங்கும். 'போட்டோகிராப்' என்பதில் முதல் அசை நிமிர்கிறது. 'போட்டோகிராபி' என்றதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவ, முதல் 'ஓ' ஷ்வாவாகிவிடுகிறது.

சுருங்கும் உயிர் நமக்கு அந்நியமில்லை. 'பசு' என்று சொல்லுங்கள், 'பாக்கு' என்று சொல்லுங்கள். பசுவில் உதடு குவிகிறது. பாக்கில் குவிவதில்லை, அரை மாத்திரையோடு நின்றுவிடுகிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தீர்களே, குற்றியலுகரம், அது ஷ்வாவுக்குப் பங்காளி.

நம்மைக் காட்டிக்கொடுக்கிற இன்னோர் ஒலி காபியில் இருக்கிறது. காபி, காலேஜ், டாக்டர், ஆபீஸ் எல்லாவற்றிலும் பிரிட்டிஷ்காரர் உதட்டை லேசாகக் குவித்து, ஒகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே குறுக்கமாக ஒன்றைச் சொல்கிறார். நாம் வாயைத் திறந்து 'ஆ' போடுகிறோம். கிரிக்கெட் பந்திலும் உதடு குவிய வேண்டிய நெடிலை ஆகாரமாக்கி, எழுதும்போது பாலாக்கிவிட்டோம். பேப்பரில் 'நோ பால்' என்று படித்த எங்கள் ஆயா, "ஏன், மாடு கறக்கலையாமா?" என்று கேட்டார்கள்.

எழுத்து ஏன் ஒலியோடு ஒட்டவில்லை? 1476 வாக்கில் கேக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்தார். அப்போது அவர்களுடைய நெடில்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன, அந்த மாற்றம் தொடர்ந்தது. எழுத்து மட்டும் மெல்ல மெல்ல அச்சில் உறைந்துபோனது. இன்றைய 'நேம்' ஒருகாலத்தில் கிட்டத்தட்ட 'நாம' என்றே ஒலித்தது.

அப்போ நாம் பேசுவதெல்லாம் தப்பா என்றால், இல்லை. 'டே', 'கோ' இரண்டையும் நழுவவிடாமல் நாம் நிறுத்திச் சொல்வதுபோலவே ஸ்காட்லாந்துக்காரர் பலரும் சொல்கிறார்கள். அதற்கு வெட்கப்பட வேண்டாம். ஷ்வாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அகராதியில் ஆங்கிலச் சின்ன 'ஈ'யைக் கவிழ்த்துப் போட்டதுபோல ஒரு குறி இருக்கும், அதுதான் அது.

வாசலில் தாம்பூலப் பையில் வாழைப்பழம் வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது அதன் ஆங்கிலப் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நடு இலைக்கு மட்டும் பாயசம்.